பார்த்தேன் என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

2004 பிப்ரவரி 11. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கேஷ் ஆற்றை ஒட்டிய சதுப்புக்காட்டில் ஜீன் ஸ்பார்லிங் என்பவர் கயாக் படகில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய மரங்கொத்தி ஒன்று பறந்து வந்து எதிரே இருந்த மரத்தில் ஒட்டியது. சிவப்புக் கொண்டை. மடக்கிய இறகுகளின் கீழ்ப்பாதியில் பளிச்சென்ற வெள்ளை. அந்தக் காடுகளில் சாதாரணமாகத் தென்படும் பைலியேட்டட் மரங்கொத்தியை அவர் பலமுறை பார்த்திருந்தார். இது அதைவிடப் பெரியது, வெள்ளையும் வேறு இடத்தில் இருந்தது. தந்த அலகு மரங்கொத்தியாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் அந்தப் பறவையை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி கடைசியாகப் பார்த்தது 1944இல். லூசியானாவில் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காட்டில் தனியாக மிஞ்சியிருந்த ஒரு பெண் பறவையை டான் எக்கல்பெர்ரி என்ற ஓவியர் வரைந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள்.

ஸ்பார்லிங் பறவையியல் படித்தவர் அல்லர். ஊருக்குத் திரும்பியதும் படகோட்டும் நண்பர்களுக்கு எழுதிய பயணக் குறிப்பில், பார்த்ததை மட்டும் அடக்கமாக விவரித்தார். அந்தக் குறிப்பு கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இதழாசிரியர் டிம் கல்லகரை எட்டியது. கல்லகரும் அலபாமாவைச் சேர்ந்த பாபி ஹாரிசனும் ஸ்பார்லிங்கைத் தொலைபேசியில் பிடித்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம், வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, கழுத்து எப்படி இருந்தது. அவர் சொன்ன பதில்களைக் கேட்டுவிட்டு இருவரும் கிளம்பி ஆர்கன்சாவுக்குப் போனார்கள். பிப்ரவரி 27 அன்று, ஸ்பார்லிங் முன்னே வழிகாட்டிப் போக, பின்னே வந்த படகின் குறுக்காக ஒரு பறவை பறந்தது. கல்லகரும் ஹாரிசனும் ஒரே நேரத்தில் அதன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பறவை மரங்களுக்குள் மறைந்தது. அதன் பிறகு அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு குறிப்பேட்டில் பார்த்ததை எழுதிப் படமும் வரைந்தார்கள். ஒருவர் நினைவு மற்றவர் நினைவின் மேல் படிந்துவிடக் கூடாது என்ற கவனம் அது.

ஒரு தொலைபேசி உரையாடலுக்குள்ளேயே இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. பட்டம் இல்லாத ஒருவரின் கண்ணை மதித்தார்கள். அவர் சொன்னதைக் குறுக்கு விசாரணையும் செய்தார்கள். பறவை ஆர்வலர்களின் உலகில் இந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டியவை. ஒன்று மட்டும் வந்தபோதெல்லாம் அந்த உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

பறவை பார்ப்பதில் அனுபவம் என்பது விசித்திரமான சொத்து. இருபது, முப்பது ஆண்டுகள் இருநோக்கியோடு அலைந்தவருக்குக் கண் பழகிவிடும். தூரத்தில் சேற்றில் ஓடும் உள்ளான் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு இனம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் உடனே பதில் வராது. ஆங்கிலம் பேசும் பறவை ஆர்வலர்கள் இதற்கு ‘ஜிஸ்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பறவையின் உருவம், நடை, நிற்கும் தோரணை, பறக்கும் விதம் எல்லாம் சேர்ந்து தரும் ஒட்டுமொத்தச் சாயல் அது. நெல்லை ஒரு கை அள்ளியதுமே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடும் வியாபாரிக்கு இருப்பதும் இதே அறிவுதான். அறிவு உண்மையானது, ஆனால் சொல்லில் அடங்காதது. ஆகவேதான் ‘எப்படித் தெரியும்?’ என்ற எளிய கேள்வி அனுபவசாலியின் காதில் அவமதிப்பாக விழுந்துவிடுகிறது. கேட்டவர் தன் கண்ணைச் சந்தேகிக்கிறார், தன் நேர்மையைச் சந்தேகிக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. அனுபவசாலி புண்படக் கூடாது என்பதற்காகக் கேள்வியை விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? அதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது.

காட்டுச் சிறு ஆந்தை என்ற பறவையை 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் உலகுக்கு அறிவித்தார். காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சில மாதிரிகள் மட்டும் சேகரிக்கப்பட்டன, பிறகு பறவை கண்ணில் படவே இல்லை. ஒரே விதிவிலக்கு, கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்சாகன் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் சுட்டதாகச் சீட்டு எழுதி வைத்த ஒரு மாதிரி. மைனர்ட்சாகன் பிரிட்டிஷ் படை அதிகாரி, புகழ்பெற்ற பறவையியலாளர். 1954இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இருபதாயிரம் பறவைத் தோல்களை அன்பளிப்பாகக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரின் சீட்டை யார் சந்தேகிப்பார்கள்?

சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். அனுமதியில்லாமல் மாதிரிகளை எடுத்துச் சென்றதாக 1919இலேயே அருங்காட்சியகம் அவரைப் பறவை அறையிலிருந்து பதினெட்டு மாதங்களுக்கு விலக்கி வைத்தது. வால்டர் ராத்ஸ்சைல்ட் பிரபு தலையிட்டு அவரை மீண்டும் உள்ளே விடச் செய்தார். பின்னரும் பல நிபுணர்களுக்குள் முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் 1967இல் இறந்த பிறகும் அது அச்சுக்கு வரவில்லை. பெரிய மனிதர், கோபக்காரர், கொடையாளர். எதற்கு வீண் வம்பு என்று மரியாதையாக மௌனம் காத்தார்கள். 1993இல்தான் ஆலன் நாக்ஸ் என்ற ஆய்வாளர், மைனர்ட்சாகன் சேகரிப்பிலிருந்த ஒரு வகைச் சிறு குருவிகளின் தோல்களை ஆராய்ந்து, பல திருடப்பட்டுப் பொய்ச் சீட்டு ஒட்டப்பட்டவை என்று வெளிப்படையாக எழுதினார். அடுத்து பமீலா ராஸ்முசென் தெற்காசியப் பறவைகளின் தோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, தைத்து வைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பாங்கு உண்டு, கையெழுத்தைப் போல. மாண்ட்வி ஆந்தையின் உள்ளே இருந்த கைப்பாங்கு 1880களில் கான்தேஷ் பகுதியில் சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனுடையது. அந்த ஆந்தையைத் திருடி, பிரித்து, மாற்றித் தைத்து, புதுச் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

இது வெறும் அருங்காட்சியகச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பறவையைத் தேடிப் போனவர்களை அந்தச் சீட்டு தவறான ஊருக்கும், தவறான காலத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பொய்ப் பதிவைத் தள்ளிவிட்டு, உண்மையான பழைய மாதிரிகள் கிடைத்த இடங்களை மட்டும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு ராஸ்முசெனும் பென் கிங்கும் டேவிட் அபட்டும் 1997இல் இந்தியா வந்தார்கள். நவம்பர் 25 அன்று காலை, மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே, இலையில்லாத ஒரு மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. டேவிட்சன் சேகரித்த அதே நிலப்பகுதி. 113 ஆண்டுகளுக்குப் பிறகு.

மரியாதை கருதி விழுங்கப்பட்ட ஒரு கேள்விக்கு இத்தனை ஆண்டு வட்டி. இங்கே மௌனத்தை நாகரிகம் என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான கதை ஒன்று நடந்தது. அங்கே மறுப்பு வந்த விதம் வேறு. தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸைச் சுற்றி 1892 முதல் 1930 வரை நம்ப முடியாத எண்ணிக்கையில் அரிய பறவைகள் சுடப்பட்டதாகப் பதிவுகள் குவிந்தன. பலவும் ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற பறவைப் பதனக்காரரின் கடை வழியாக வந்தவை. 1962 ஆகஸ்டில் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழ் அந்தப் பதிவுகள் முழுவதையும் விசாரணைக்கு எடுத்தது. மேக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் பெர்கசன்-லீஸும் பதிவுகளைப் பரிசீலித்து எழுதினார்கள். புள்ளியியலாளர் ஜான் நெல்டர் அதே காலத்தில் பக்கத்து மாவட்டங்களில் கிடைத்தவற்றோடும், அதே இடத்தில் பிற்காலத்தில் கிடைத்தவற்றோடும் எண்ணிக்கையை ஒப்பிட்டார். ஹேஸ்டிங்ஸில் மட்டும், அந்தக் காலத்தில் மட்டும் அரிய பறவைகள் ஏன் மழையாகப் பொழிந்தன என்பதற்கு இயற்கையான விளக்கம் கிடைக்கவில்லை. இருபத்தொன்பது இனங்களும் துணையினங்களும் நாட்டின் பறவைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரிஸ்டோ அப்போது உயிரோடு இல்லை. அவருக்காக வாதாட ஒருவர் வந்தார். ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பறவையியலாளர் 1968இல் ஒரு நூலே எழுதி அந்தத் தீர்ப்பை எதிர்த்தார். நீக்கப்பட்ட இனங்களில் பலவும் பின்னாளில் ஐயமில்லாத பதிவுகளோடு பட்டியலுக்குத் திரும்பின. அவை உண்மையில் அந்த நாட்டுக்கு வரக்கூடிய பறவைகள்தாம், அந்தக் குறிப்பிட்ட சீட்டுகள்தாம் நம்பத்தகாதவை.

ஹேஸ்டிங்ஸ் விவகாரம் வெடிப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1959இல், பிரிட்டனில் அரிய பறவைகளுக்கென ஒரு குழு அமைந்தது. பத்து உறுப்பினர்கள், ஆகவே ‘பத்து அரிய மனிதர்கள்’ என்று செல்லப்பெயர். யார் அரிய பறவையைப் பார்த்தாலும் எழுத்தில் விவரணை அனுப்ப வேண்டும், உறுப்பினர்கள் படித்து வாக்களிப்பார்கள். உறுப்பினர் பார்த்த பறவைக்கும் இதே கதிதான். இங்கே கேள்வியின் கூர்மை மழுங்கவில்லை, குத்தல் மட்டும் போய்விடுகிறது. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கப்படும்போது அது யாருக்கும் தனிப்பட்ட அவமானம் ஆவதில்லை. குழு ஒரு பதிவை ஏற்காதபோது பெரும்பாலும் பயன்படுத்தும் சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘நிறுவப்படவில்லை’ என்பார்கள். நீங்கள் பார்த்தது அதுவாகவே இருக்கலாம், எழுதி அனுப்பியதிலிருந்து எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை, அவ்வளவே. ஒரு மனிதர் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போக இந்த ஒரு சொல் போதும்.

அந்தக் குழுவும் தவறும், தவறினால் திருத்திக்கொள்ளும். 1998 மே மாதத் தொடக்கத்தில் நார்தம்பர்லாந்தின் ட்ரூரிஜ் விரிகுடாவில் ஒரு கரைப்பறவை வந்து சில நாள் தங்கியது. மெல்லலகுக் கோட்டான் என்றார்கள். உலகிலேயே மிக அரிதாகிவிட்டிருந்த பறவை அது. மொராக்கோவில் 1995இல் பார்த்ததுதான் ஐயத்துக்கு இடமில்லாத கடைசிப் பதிவு. நாடு முழுவதிலிருந்தும் ஆர்வலர்கள் ஓடி வந்தார்கள், புகைப்படங்கள் எடுத்தார்கள். நான்கு ஆண்டு பரிசீலனைக்குப் பிறகு பதிவு ஏற்கப்பட்டது. அது தங்கள் வாழ்நாள் பறவை என்று பலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இளம் கோட்டான்களின் உருவ வேறுபாடுகள் பற்றிய அறிவு வளர வளர, அது சாதாரணக் கோட்டான் அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற கருத்து வலுத்தது. பத்தாண்டுக்குப் பின் மறுஆய்வு நடந்து, பதிவு நீக்கப்பட்டது. ஏற்றவர்களும் அனுபவசாலிகள், நீக்கியவர்களும் அனுபவசாலிகள். தாங்கள் நேரில் கண்ட காட்சியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. இன்று அந்த இனம் பூமியிலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டுவிட்ட நிலையில், அந்த இழப்பு இன்னும் கனக்கிறது.

மறுப்பை எப்படிச் சொல்லக் கூடாது என்பதற்கு மீண்டும் தந்த அலகு மரங்கொத்தியிடமே வர வேண்டும். 1971இல் லூசியானாவின் மதிப்புமிக்க பறவையியலாளர் ஜார்ஜ் லோவரி, அமெரிக்கப் பறவையியலாளர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்தார். எடுத்தவர் பெயரை வெளியிட விரும்பவில்லை. மரத்தில் ஆணியடித்து வைத்த பாடம் செய்த பறவையாக இருக்கும் என்று சக ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். புகைப்படத்தைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் நேர்மையாக உழைத்த ஒருவர் சபையில் ஏளனத்துக்கு ஆளானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டெக்சாஸ் காட்டில் அந்தப் பறவையைப் பார்த்ததாகச் சொன்ன ஜான் டென்னிஸுக்கும் இதே அனுபவம். இதன் விளைவு அடுத்த முப்பது ஆண்டுகள் நீடித்தது. தந்த அலகு மரங்கொத்தியைப் பார்த்தேன் என்று சொல்வது, பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வழி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வேட்டைக்காரரோ மீனவரோ காட்டில் எதையாவது பார்த்திருந்தால் வாயைத் திறக்கமாட்டார். ஏளனம் பொய்யை மட்டும் வடிகட்டுவதில்லை, தகவலின் ஊற்றையே அடைத்துவிடுகிறது. ஸ்பார்லிங் தன் குறிப்பில் அவ்வளவு தயங்கித் தயங்கி எழுதியதற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

2004 ஏப்ரலில் டேவிட் லூனோ எடுத்த நான்கு விநாடி அளவிலான மங்கலான காணொளியையும், பார்த்தவர்களின் சாட்சியத்தையும் வைத்து, கார்னெல் ஆய்வகத் தலைவர் ஜான் பிட்ஸ்பாட்ரிக்கும் குழுவினரும் 2005 ஏப்ரல் இறுதியில் ‘சயன்ஸ்’ இதழ் வழியாகப் பறவை உயிரோடிருப்பதாக அறிவித்தார்கள். நாடே கொண்டாடியது. சில மாதங்களுக்குள் ரிச்சர்ட் ப்ரம், மார்க் ராபின்ஸ், ஜெரோம் ஜாக்சன் ஆகிய மூவர் மறுப்புக் கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்தி கார்னெலுக்குத் தெரிந்தது. அந்தக் குழு சண்டைக்குப் போகாமல், தங்களிடமிருந்த ஒலிப்பதிவுகளை மறுப்பாளர்களுக்கே அனுப்பியது. தந்த அலகு மரங்கொத்தி இரட்டைத் தட்டாக மரத்தைத் தட்டும், அதைப் போன்ற ஓசைகள் அந்தப் பதிவுகளில் இருந்தன. கேட்டுவிட்டு மறுப்பாளர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அறிவுலகில் இப்படி அரிதாகத்தான் நடக்கும். எதிராளி இன்னும் பார்க்காத ஆதாரத்தை அவர் கையில் கொடுப்பதும், அச்சேறப் போகும் தன் கட்டுரையை அந்த ஆதாரத்துக்காக நிறுத்துவதும், இரண்டுமே பெருந்தன்மை வேண்டும் காரியங்கள்.

ஆனால் அந்த இணக்கம் நீடிக்கவில்லை. ஜாக்சன் 2006 தொடக்கத்தில் ‘ஆக்’ இதழில் மிகக் கடுமையாக எழுதினார். இது நம்பிக்கையின் மேல் கட்டிய பறவையியல் என்பது அவர் குற்றச்சாட்டு. பதிலும் சூடாகவே வந்தது. மார்ச் மாதம் டேவிட் சிப்லியும் சகாக்களும் எழுதிய மறுப்பு ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அது வேறு தொனி. அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் பையில் வைத்துக்கொண்டு திரியும் கையேட்டை எழுதியவர் சிப்லி. பெயரும் புகழும் அவருக்குத் துணைக்கு இருந்தும், அவர் பேசியது இறகைப் பற்றி மட்டுமே. காணொளியில் தெரியும் வெள்ளை, இறகின் மேற்புறமா அடிப்புறமா? மேற்புறத்தின் பின்விளிம்பில் வெள்ளை என்றால் தந்த அலகு. அடிப்புறத்து வெள்ளை என்றால், இறகடிக்கும்போது அது பைலியேட்டட் மரங்கொத்தியிலும் தெரியும். அவர் கணிப்பு இரண்டாவது. பிட்ஸ்பாட்ரிக் குழுவின் பதில் அதே இதழிலேயே இடம்பெற்றது. கார்னெல் குழு தங்கள் காணொளியை எல்லோரும் பார்க்க வைத்திருந்ததால், ஒவ்வொரு ஆர்வலரும் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தாங்களே முடிவுக்கு வர முடிந்தது. ஸ்பார்லிங் பொய் சொன்னார் என்று அந்த இரண்டு கட்டுரைகளில் எதிலும் ஒரு வரியும் இல்லை.

அனுபவம் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காண்பதிலும் பறவையியல் பலமுறை வழுக்கியிருக்கிறது. ஜெர்டான் என்ற பறவையியலாளரின் பெயர் தாங்கிய, ஆந்திரத்தில் கலிவிகோடி என்று அழைக்கப்படும் கரைப்பறவை இனம் 1900க்குப் பிறகு காணாமல் போனதாகக் கருதப்பட்டது. நிபுணர் குழுக்கள் தேடித் திரும்பின. 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்துப் புதர்க்காட்டில் அதைக் கண்டெடுத்தது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர் பரத் பூஷணோடு பணியாற்றிய உள்ளூர் வேடர் ஒருவர். இரவில், கைவிளக்கு வெளிச்சத்தில். அந்தப் பறவை இரவில் நடமாடுவது என்பதே அப்போதுதான் உறுதியானது. ஊர்க்காரர்களிடம் படத்தைக் காட்டி, பொறுமையாகப் பேசி, அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்ட வேலைதான் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டின் கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியும், பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்தவர்களின் கைத்திறன் இல்லாமல் நடந்திருக்காது. எந்த வலையை எந்தக் காற்றில் எங்கே கட்டுவது என்பது எந்த நூலிலும் இல்லை.

இன்று தமிழ்நாட்டில் பள்ளி மாணவரும் வங்கி அதிகாரியும் ஒரே தளத்தில் பறவைப் பதிவு இடுகிறார்கள். கார்னெல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ தான் அந்தத் தளம். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் மாநிலம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு மாவட்டத்தில் ஒரு மாதத்தில் எதிர்பாராத இனமோ, வழக்கத்தை மீறிய எண்ணிக்கையோ பதிவானால், அது பரிசீலகரிடம் போகும். ஊதியம் வாங்காத, அந்தப் பகுதியை நன்கு அறிந்த ஆர்வலர்தான் அவர். அவரிடமிருந்து வரும் கடிதத்தின் அமைப்பைப் பார்த்தால் பத்து மனிதர் குழுவின் மரபு தெரியும். பதிவுக்கு நன்றி, இந்தப் பகுதியில் இது அரிது, படம் இருக்கிறதா, ஒலிப்பதிவு உண்டா, அடையாளம் கண்ட கூறுகள் என்னென்ன, இதை ஒத்த இன்னொரு இனத்தை எப்படி விலக்கினீர்கள்? பரிசீலகரின் சொந்தப் பதிவும் இதே சல்லடையில்தான் விழும். உறுதிசெய்ய முடியாத பதிவு பொதுத் தரவில் சேராது. பதிந்தவரின் சொந்தப் பட்டியலிலிருந்து அதை யாரும் அழிப்பதுமில்லை. அவர் பார்த்த காட்சி அவருடையது, அறிவியலுக்கு வேண்டியது சான்று. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் மனித மனத்தை நன்கு அறிந்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஏற்பாடு பாதி வேலையைத்தான் செய்யும். நம் ஊரில் வயதில் மூத்தவரை ‘சார்’ என்றும் ‘அண்ணா’ என்றும் அழைத்துப் பழகிய கல்லூரி மாணவி, அவர் பச்சைக் கதிர்க்குருவி என்று பதிந்ததை வேறொரு கதிர்க்குருவியோ என்று கேட்கத் தயங்குகிறாள். இலைகளுக்குள் துள்ளும் அந்தச் சின்னப் பறவைகளைப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே சிக்கல், பல நேரம் குரல்தான் கைகொடுக்கும். ‘அண்ணா, குரல் கேட்டீங்களா? நான் இன்னும் கத்துக்கிறேன், எதை வச்சுப் பிரிச்சீங்கன்னு சொல்லுங்க’ என்று அவள் கேட்டால், அதில் மரியாதையும் இருக்கிறது, கேள்வியும் குறையவில்லை. மூத்தவர் ‘குரல் கேட்கலைம்மா, இனத்தைக் குறிக்காம கதிர்க்குருவின்னு மட்டும் மாத்திடறேன்’ என்று சொல்லிவிட்டால், கூட இருக்கும் பத்துப் புதியவர்களும் அன்று ஒரு பறவையை விடப் பெரிய ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். பதிவு முறை அதற்கு இடமளிக்கிறது, இனம் தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த வசதியை அதிகம் பயன்படுத்துபவர்கள் புதியவர்களைவிட மிகத் தேர்ந்தவர்களே என்பது களத்தில் கூடவே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தந்த அலகு மரங்கொத்தி அழிந்துவிட்டதாக அறிவிக்கலாம் என்று அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறை 2021இல் முன்மொழிந்தது. மக்கள் கருத்தும் புதிய ஆதாரங்களும் வந்து சேர்ந்தன. லூசியானா காட்டில் ட்ரோன் வழியே எடுத்த காணொளிகளையும் கண்ட சாட்சியங்களையும் வைத்து ஸ்டீவன் லட்டா குழுவினர் 2023இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வேறு நிபுணர்கள் அந்தக் காட்சிகள் போதாது என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 21 இனங்கள் அழிந்தவை என்று பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டபோது, இந்த மரங்கொத்தியின் பெயர் அதில் இல்லை. தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து சதுப்புக்காடு திறந்து கிடக்கும் வாரங்களில், ஒலிப்பதிவுக் கருவிகளை மரங்களில் கட்டிவிட்டுப் படகில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏதாவது பறந்தால், பேசுவதற்கு முன் ஆளுக்கொரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.